கப்பலில் இருக்கிறான்

அக்டோபர் 9, புதன். லிமசோல்

வந்து சேர்ந்துவிட்டேன். தூத்துக்குடியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து துபாய், துபாயிலிருந்து சைப்ரஸ். துபாய் விமானத்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மறைப்பை இறக்கி விட்டுக்கொண்டேன். அறுபத்துமூன்று வயதில் முதல் வெளிநாட்டுப் பயணம், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள் என்று டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கூட வேலை பார்த்த சூசை அனுப்பிவைத்தார். எழுதுகிறேன்.

மருமகள் ஜெனோவா விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். மெலிந்திருக்கிறாள். முடியைத் தோள்வரை வெட்டிவிட்டாள். "வாங்க மாமி" என்று கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

கார் ஓட்டி வந்தவர் அவளோடு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்ப்பவராம். ஆன்றோ என்று பெயர், கொளச்சல்காரர். லிப்ட் வேலை செய்யாததால் என் பெட்டியைத் தோளில் வைத்து நான்கு மாடி ஏறினார். எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, அவரே சமையலறைக்குப் போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். டம்ளர் எங்கே இருக்கிறது என்று ஜெனோவாவிடம் கேட்கவில்லை.

இரண்டு டப்பா நம்மூர் முந்திரி மக்ரூன் கொண்டுவந்தேன். ஒன்று ஜெனோவாவுக்கு. இன்னொன்று இருக்கட்டும்.

அக்டோபர் 10, வியாழன்

அவள் வேலைக்குப் போய்விட்டாள். வீட்டைப் பெருக்கினேன். துணி துவைக்கும் மெஷினில் எல்லாம் கிரேக்க எழுத்து, தொடவில்லை, கையாலேயே துவைத்தேன். பால்கனியிலிருந்து கடல் தெரிகிறது. நாற்காலியை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 12, சனி

காலையில் மீன் வாங்கப் போனோம். வாங்கியதை நானே ஆய்ந்து குழம்பு வைத்தேன். ஜெனோவா இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு ஒரு காகிதம் கொடுத்தாள். தூத்துக்குடி வக்கீல் அனுப்பியது, மூன்று பக்கம். காணாமல் போனவரைப் பற்றி ஏழு வருடம் ஒரு தகவலும் இல்லாவிட்டால் கோர்ட்டில் கேட்டு வாங்கலாமாம். பெற்ற தாயும் சம்மதம் எழுதிக்கொடுத்தால் சீக்கிரம் முடியுமாம். போன மாதத்தோடு ஏழு வருடம் ஆகிவிட்டது.

எதைக் கேட்டு வாங்கலாம் என்று அவளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நடந்ததை ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். என் மகன் லீனஸ் சரக்குக் கப்பலில் மூன்றாவது இன்ஜினியர். ஜெனோவாவைக் கட்டி எட்டு மாதம். அதில் இருவரும் ஒரே வீட்டில் இருந்தது நாற்பது நாள். 2017 செப்டம்பர் 11 காலையில் சாப்பாட்டு மேசைக்கு அவன் வரவில்லை. கப்பல் முழுக்கத் தேடினார்கள். பிறகு கப்பலைத் திருப்பிக் கடலில் இரண்டு நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை. அவ்வளவுதான் கம்பெனிக் கடிதத்தில் இருந்தது. அவன் விழுந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. ஒருவரும் பார்க்காத ஒன்றுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? அவனுக்கு நன்றாக நீச்சல் தெரியும். கப்பல் போன பக்கம் தீவுகளும் நிறைய.

பாத்திரம் துலக்கும்போது ஜெனோவா கேட்டாள். "அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவங்க உங்களுக்குப் போன் பண்ணாங்கல்லா மாமி, என்ன பேசினாங்க?"

இதை எத்தனையாவது முறையாகக் கேட்கிறாளோ. "லைன் சரியில்ல ஜெனோவா. ஒண்ணுமே கேக்கல" என்றேன்.

காகிதத்தை பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

பூசைக்குப் போனோம். கோவில் நிறைய இலங்கைக்காரர்களும் பிலிப்பைன்ஸ் பெண்களும். மன்றாட்டில் இறந்தவர்களுக்கான பகுதி வந்தபோது ஜெனோவா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 16, புதன்

வெண்டைக்காய் இங்கே விரல்நுனி அளவுதான் இருக்கிறது. சாம்பார் வைத்தேன். ஜெனோவா பால்கனியில் நின்று ரொம்ப நேரம் தணிந்த குரலில் போன் பேசினாள். உள்ளே வந்தபோது கண் சிவந்திருந்தது. ஆபீஸில் வேலை அதிகம்போல.

சனிக்கிழமைக்கு ஒருநாள் சுற்றுலா பதிவு செய்திருக்கிறாளாம். பழைய நகரத்தின் இடிபாடு, ஒரு கோட்டை, ஒயின் செய்யும் ஒரு மலைக்கிராமம். "எத்தன நாளுதான் வீட்டுக்குள்ளயே இருப்பீங்க மாமி" என்றாள். எனக்கு வீடே போதும். ஆனாலும் சரி என்றேன்.

அக்டோபர் 19, சனி

காலை எட்டரைக்கு பஸ். பதினெட்டுப் பேர், எங்கள் இருவரைத் தவிர எல்லாரும் வெள்ளைக்காரர்கள், பாதிப் பேர் என் வயது. வழிகாட்டி இந்த ஊர்ப் பெண், மரூலா என்று பெயர். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். குட்டையான உருவம், கறுப்புச் சட்டை, கணீரென்ற குரல். ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்திப் பேசியதால் எனக்கு ஒரு வார்த்தையும் தப்பவில்லை.

முதலில் கூரியோன். கடலைப் பார்த்த செங்குத்துப் பாறைமேல் ஒரு நகரமே இருந்திருக்கிறது. கல்தூண்கள், குளிக்கும் அறைகள், வண்ணக் கல் பதித்த தரைகள். அரைவட்டமாகப் படிப்படியாக இறங்கும் ஒரு நாடக அரங்கு. நான் முழங்கால் வலியால் மேல்வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே நடுவில் நின்று சாதாரணமாகப் பேசினாலே மேலே கேட்கும் என்று மரூலா சொல்ல, ஜெனோவா போய் நின்றாள். சத்தமே போடாமல், "மாமி, கேக்குதா?" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து பேசியதுபோல் இருந்தது. கையை மட்டும் தூக்கிக் காட்டினேன்.

பிறகு மரூலா ஒரு வீட்டின் அடித்தளத்தைக் காட்டினாள். ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் நிலநடுக்கம் வந்து ஊர் மொத்தமும் விழுந்ததாம். தோண்டியபோது இந்த வீட்டில் ஒரு இளம் கணவன், மனைவி, ஒரு கைக்குழந்தை. மனைவி குழந்தையை அணைத்திருக்கிறாள். அவன் இருவர் மேலும் கவிந்து கிடந்திருக்கிறான்.

சிலர் படம் எடுத்தார்கள்.

"அவர்கள் பெயர் தெரியுமா?" என்று நான் கேட்டேன். பஸ் ஏறியதிலிருந்து நான் வாய் திறந்தது அப்போதுதான்.

"தெரியாது அம்மா."

"அவன் தாய் வேறு ஊரில் இருந்திருந்தால்?"

மரூலா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்படியானால் அவளுக்கு யாரும் போய்ச் சொல்லியிருக்க மாட்டார்கள்" என்றாள். பிறகு எல்லாரையும் பஸ்ஸுக்குக் கூப்பிட்டாள்.

அடுத்தது கொலோஸி கோட்டை. சதுரமாக, ஜன்னல் குறைவாக, தனியாக நிற்கிற உயரமான கட்டடம். சிலுவைப் போர்வீரர்கள் கட்டியது. வாசலுக்கு நேர் மேலே, எதிரி தலையில் கொதிக்கிற எண்ணெய் ஊற்ற ஒரு துவாரம் வைத்திருக்கிறார்கள். பக்கத்துத் தோட்டங்களில் கரும்பும் திராட்சையும் போட்டார்களாம். உள்சுவர் ஒன்றில் சிலுவைப்பாட்டின் ஓவியம், பாதி அழிந்துவிட்டது. சிலுவையடியில் நிற்கும் மாதாவின் முகம் தெரிகிறதா என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். காரை உதிர்ந்திருந்தது.

மேல்தளத்துக்குச் சுருள்படி. ஜெனோவா என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். மேலே காற்று பலமாக அடித்தது. சுற்றிலும் தோட்டங்கள், தூரத்தில் கடல். மற்றவர்கள் இறங்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் பேப்பர வாசிச்சீங்களா மாமி?"

"கண்ணாடிய வீட்ல வச்சிட்டு வந்துட்டேன்."

"கண்ணாடி உங்க மூக்குலதான் இருக்கு."

இருந்தது. அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு முப்பத்துநாலு ஆவுது மாமி. நான் உங்கள அவசரப்படுத்துதேன்னு நெனைக்காதீங்க. ஏழு வருசமா ஒரு தடவகூடக் கேட்டதில்ல. நான் யாருன்னு எனக்கே தெரியல. பொண்டாட்டியா, இல்ல வேற யாராவதா?"

"கீழ கூப்பிடுதாங்க" என்று சொல்லிப் படியில் இறங்க ஆரம்பித்துவிட்டேன். உண்மையில் யாரும் கூப்பிடவில்லை. அவள் கையைப் பிடிக்காமல் இறங்கியதில் முழங்கையில் சிராய்ப்பு.

எழுதக் கை ஓடவில்லை. கிராமத்தில் நடந்ததை நாளைக்கு எழுதுகிறேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஜெனோவா தூங்குகிறாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஒமோடோஸ் என்பது அந்தக் கிராமத்தின் பெயர். மலைச்சரிவெல்லாம் திராட்சைக் கொடி. அறுப்பு முடிந்து இலை பழுத்திருந்தது. ஊர் நடுவில் ஒரு பழைய மடம், அதன் முன்னால் கல் பாவிய சதுக்கம். வாசலுக்கு வாசல் பெண்கள் லேஸ் பின்னி விற்கிறார்கள். பாதாம்பருப்பை நூலில் கோத்து, திராட்சைப் பாகில் தோய்த்துத் தோய்த்துத் தொங்கவிடும் ஒரு மிட்டாய் எல்லாக் கடையிலும் இருந்தது. ஒரு வீட்டுக்குள் ஆள் உயரத் தாழிகளையும், திராட்சையைப் பிழியும் பெரிய மரச் செக்கு ஒன்றையும் காட்டினார்கள். ஒயினும் கொடுத்தார்கள், தேன்போல இனிப்பாக. நம் வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் போடும் ஒயினை நினைத்துக்கொண்டேன். ஒரு வாய் குடித்தேன்.

சாப்பாட்டுக்கு எங்கள் மேசையில் ஓர் இடம் காலியாக இருந்ததால் மரூலா வந்து உட்கார்ந்தாள். மரியாதைக்குப் பேச்சுக் கொடுத்தாள். எந்த ஊர், எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டுவிட்டு, "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்றாள்.

"ஒரே மகன். கப்பலில் இருக்கிறான்" என்றேன்.

எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வேன். ரேஷன் கடையில், பாங்கியில், விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம். சொல்லும்போது நாக்கு இடறுவதே இல்லை. ஆனால் ஜெனோவாவை வைத்துக்கொண்டு சொன்னது அதுதான் முதல் தடவை.

ஜெனோவா கையிலிருந்த முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். எழுந்து சதுக்கத்தைத் தாண்டிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மரூலா அவள் போன திசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எத்தனை வருடமாகக் கப்பலில் இருக்கிறான்?" என்று கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "ஏழு" என்றேன்.

அவள் ரொட்டியைப் பிட்டாள், ஆனால் வாயில் போடவில்லை. தன் தந்தையைப் பற்றிச் சொன்னாள். 1974இல் துருக்கிப் படை தீவுக்குள் வந்த சண்டையில், அவளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது, அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு தகவல் இல்லை. வீட்டை விட்டுத் தெற்கே ஓடிவந்து, அகதிகளுக்குக் கொடுத்த வீட்டில் தாயும் மகளும் இருந்திருக்கிறார்கள். தாய் நாற்பத்தொரு வருடம் காத்திருந்தாள். வேறு வீடு மாற விடவில்லை, அவர் தேடி வந்தால் அரசாங்கத்தில் பதிந்திருக்கும் இந்த முகவரியைத்தானே கொடுப்பார்கள் என்று. மகளைப் பெண்கேட்டு வந்தவர்களிடம், அவள் அப்பா வந்து முடிவு சொல்வார் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

"அப்பா வரவில்லை. நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை" என்றாள். யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"பிறகு?"

"ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கிணற்றைத் தோண்டினார்கள். என் ரத்தத்தோடு எலும்பை ஒப்பிட்டுப் பார்த்து, அப்பாதான் என்றார்கள். ஒரு சிறிய பெட்டியில் கொடுத்தார்கள். அம்மா பெட்டியைப் பார்த்துவிட்டு, என் புருஷன் ஆறடி, இதற்குள் எப்படிப் படுப்பார் என்று கேட்டாள். அடக்கத்துக்கு வரவே இல்லை. நான் தனியாகப் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தேன். அடுத்த வருடம் அம்மா போய்விட்டாள், வாசலைப் பார்த்துக்கொண்டே."

"உங்களுக்கு அவள்மேல் கோபம் இல்லையா?"

"இருக்கிறது" என்றாள். "அம்மாவை ரொம்பப் பிடிக்கும். ஆனால் இருக்கிறது." பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பஸ் கிளம்ப நாற்பது நிமிடம் இருக்கிறது. உங்கள் மகள் மடத்துப் பக்கம் போனாள்."

மகள் என்றுதான் சொன்னாள். நான் திருத்தவில்லை.

ஜெனோவா மடத்துக்குப் பின்னால், பூட்டியிருந்த ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். படி குளிர்ந்திருந்தது. பேச வேண்டியதை மனசுக்குள் கோத்துக்கொண்டுதான் போனேன். வாயைத் திறந்ததும் வேறு ஒன்று வந்தது.

"அன்னைக்கு லைன் நல்லாத்தான் இருந்துச்சி" என்றேன்.

அவள் திரும்பினாள்.

"நாலரை மணி இருக்கும். டீ போட்டுக்கிட்டு இருந்தேன். 'அம்மா, எனக்கு ஒறக்கமே வரமாட்டேங்கு. இன்ஜின் என் தலைக்குள்ளயே ஓடுதுமா. அடுத்த போர்ட்ல இறங்கி ஊருக்கு வந்துறட்டுமா'ன்னு கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'மூணு மாசந்தானல. முடிச்சிட்டு வா. கல்யாணம் முடிஞ்சி மொதக் கப்பலு, பாதியில வந்தா ஊரே சிரிக்கும்'னு சொன்னேன். 'சரிம்மா'ன்னான். வச்சிட்டான்."

முப்பத்தொரு வருடம் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்தவள் நான். யார் குரலில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கும் தெரிந்தது. தெரிந்துதான் அப்படிச் சொன்னேன், அதட்டினால் சரியாகிவிடுவான் என்று.

"அவன் செத்துட்டான்னு எழுதிக் குடுத்தா, நான்தான் அனுப்பினேன்னு ஆயிரும் ஜெனோவா. அதான் கையெழுத்துப் போட வரல. வேற ஒண்ணும் இல்ல."

என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"உங்களுக்கு முன்னால எனக்குத்தான் அடிச்சாங்க மாமி" என்றாள். "மூணு தடவ. நான் எடுக்கல. என் பொறந்தநாளுக்குப் பேசலன்னு கோவம். நாளைக்கு எடுத்துக்கலாம், கொஞ்சம் கெஞ்சட்டும்னு இருந்துட்டேன். போன கையிலதான் வச்சிருந்தேன். அடிச்சி அடிச்சி நின்னுச்சி."

"இத யார்ட்டயும் சொன்னியா?"

"ஆன்றோட்ட மட்டும்." சொல்லிவிட்டுத்தான் அந்தப் பெயரைச் சொன்னதே அவளுக்கு உறைத்தது. தலை குனிந்துகொண்டாள். "நீங்களாவது எடுத்தீங்க மாமி. கடைசியா அவங்களுக்கு அம்மா கொரலாவது கேட்டுச்சி."

அதற்குமேல் இருவராலும் முடியவில்லை. என்னைவிட அவள் சத்தமாக அழுதாள். எதிர்வீட்டுக் கிழவர் ஒருவர் வெளியே வந்து பார்த்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்.

முகத்தைத் துடைத்தபின் நானே கேட்டேன். "ஆன்றோ நல்ல ஆளா?"

"நல்ல ஆளு மாமி. உங்களக் கேக்காம ஒண்ணும் செய்யக்கூடாதுன்னு அவருதான் சொன்னாரு. மூணு வருசமாக் காத்திருக்காரு."

"கையெழுத்துப் போட்டுட்டா நீ எனக்கு யாரு?"

"இது என்ன கேள்வி" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். "எந்திரிங்க, பஸ் போயிரும்."

திரும்பும் வழியெல்லாம் என் தோளில் சாய்ந்து வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது மரூலா எல்லாருக்கும் கை கொடுத்தாள். எனக்குக் கொடுத்தபோது கையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாள்.

அக்டோபர் 22, செவ்வாய்

தலைநகர் நிக்கோசியாவுக்குப் போய் இந்தியத் தூதரக அலுவலகத்தில் அதிகாரி முன்னிலையில் கையெழுத்துப் போட்டேன். மூன்று பக்கத்திலும். இரண்டாம் பக்கத்தில் எழுத்துக் கோணிவிட்டது, பரவாயில்லை என்றார்கள்.

அக்டோபர் 25, வெள்ளி

நாளைக்குக் கிளம்புகிறேன். இரண்டாவது மக்ரூன் டப்பாவை மரூலாவுக்குக் கொடுக்கச் சொல்லி ஜெனோவாவிடம் வைத்துவிட்டேன். சுற்றுலா அலுவலகத்தில் கொடுத்தால் சேர்ந்துவிடுமாம்.

நவம்பர் 2, சனி. தூத்துக்குடி

இன்று கல்லறைத் திருநாள்.

மூன்று நாள் முன்னால் இறந்தவர்கள் பெயர் கொடுக்கக் கோவிலுக்குப் போனேன். உபதேசியார் நோட்டை எடுத்து, நான் சொல்லாமலே என் வீட்டுக்காரர் பெயரை எழுதிவிட்டு நோட்டை மூடப் போனார். "இன்னொண்ணு இருக்கு" என்றேன். பேனாவைத் திறந்தபடி காத்திருந்தார். லீனஸ் மச்சாது என்றேன். லீனஸ் பையனாக இருந்தபோது முதல் நன்மை வாங்க மந்திரம் சொல்லிக்கொடுத்தவர் அவர். தலையை நிமிர்த்தாமலே எழுதினார். "தேதி அம்மா?" என்று கேட்டார். பதினொன்று, ஒன்பது, இரண்டாயிரத்துப் பதினேழு என்று சொன்னேன்.

இன்று சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் பூசை. நல்ல கூட்டம், எங்கு பார்த்தாலும் மெழுகுவர்த்தி. சாமியார் ஒலிபெருக்கியில் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். மச்சாது குடும்பம் வந்தபோது அவன் பெயரும் வந்தது. மற்றப் பெயர்களைப்போலவேதான் வாசித்தார், ஒரு நொடி. கூட்டத்தோடு சேர்ந்து நானும் "நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று சொன்னேன். குரல் வந்தது.

அங்கிருந்தே ஜெனோவாவுக்குப் போன் செய்தேன். அங்கே மத்தியானம்.

"பேரு வாசிச்சாங்களா மாமி?"

"வாசிச்சாங்க."

"சரியா வாசிச்சாங்களா? லீனஸ்னு?"

"சரியா வாசிச்சாங்க ஜெனோவா."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பின்னால் பாத்திரம் வைக்கும் சத்தமும் கேட்டது. வீட்டில் அவள் தனியாக இல்லை.

"ஆன்றோ இருக்காரா?" என்றேன். "இருந்தா குடு, பேசுதேன்."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சொல்லுங்க அம்மா" என்று அவர் குரல், பயந்துபோய்.

சாப்பிட்டீங்களா தம்பி என்று கேட்டேன்.